ஓடுகிறதை ஓட விடாதவர்

மனிதர்களைப் படித்தவர்கள் எத்தனையோ விதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டே ரகம்தான். ஒரு பொருள் ஓடுகிறது என்றால் அப்பாடா என்று உட்காருகிறவர் ஒரு ரகம். ஓடுகிறதே, எப்படி ஓடுகிறது என்று கவலைப்பட்டு எழுந்துபோய் அதன் வயிற்றைத் திறக்கிறவர் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; அவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். இந்த இரண்டாவது ரகம் இருக்கிறதே, அதைத்தான் இன்று உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன். பயப்படாமல் கிட்டே வந்து பாருங்கள். கடிக்காது. ஆனால் உங்கள் கையில் ஏதாவது பொருள் இருந்தால் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் சரியாக மணி காட்டினால் அவருக்குச் சந்தேகம் வரும். குழாய் சொட்டாமல் இருந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்பார். மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றினால் ‘இவ்வளவு அமைதியா சுத்தக் கூடாதே’ என்று ஸ்டூலைப் போட்டு ஏறுவார். இறங்கும்போது கையில் மூன்று திருகாணி மிச்சம் இருக்கும், விசிறி நின்றிருக்கும், அவர் முகத்தில் மட்டும் பிள்ளை பிறந்த வீட்டுக் களை சொட்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதை உங்களுக்குத் தெரியும். அவனாவது ஒரு தடவை ஊதினான். இவர் அந்தச் சங்குக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று தினமும் காலையில் எழுந்து பார்க்கிறவர்.

இந்த இனத்தில் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்திருப்பவர், வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இயங்குதளம் போட்டவர்.

லினக்ஸ்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. நல்ல பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். காசு கேட்காதாம், ஒட்டுக் கேட்காதாம், பெரிய பெரிய இயந்திரங்களை வருஷக்கணக்காக நிற்காமல் ஓட்டுகிறதாம். ஓட்டட்டும், நன்றாக இருக்கட்டும். பிள்ளையை நான் குறை சொல்லவே இல்லை. வளர்க்க வந்த ஆளைத்தான் சொல்கிறேன். யார் வந்து வாதாடினாலும் இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அப்படி ஒருவரைத் தெருவில் எல்லோரும் லென்ஸ் என்று கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவரை உயர நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகி, ‘இப்பத் தெளிவா? இப்ப? முதல்ல பாத்ததா, இதுவா?’ என்று கேட்பது அவர் தொழில். ஊரார் கண்ணுக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற கை. அந்தக் கை வீட்டுக்கு வந்தால் திரை இருண்டுவிடும்.

அவர் மனைவியைச் சொந்தக்காரர்கள் படக்காரி என்பார்கள். சமையலறைகளுக்குப் படம் போடுவது அவள் வேலை. எந்த அலமாரி எங்கே, எந்த இழுப்பறை எவ்வளவு ஆழம், அடுப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை எட்டு என்று கம்ப்யூட்டரில் வரைந்து, அதை நிஜச் சமையலறை மாதிரியே சுழற்றிச் சுழற்றிக் காட்டுவாள். பார்த்தவர்கள் சரி என்றால், தச்சரான அவள் அண்ணன் மரத்தை அறுப்பார். கம்ப்யூட்டர் அவளுடையது. பராமரிப்பு மட்டும் லென்ஸுடையது. மாடு ஒருத்தி பேரில், மூக்கணாங்கயிறு இன்னொருத்தர் கையில்.

அந்தப் படம் சுழல்வதற்கென்று உள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று ஓர் அட்டை இருக்கிறது. அட்டை பேசுவது கம்ப்யூட்டருக்குப் புரியாது, கம்ப்யூட்டர் பேசுவது அட்டைக்குப் புரியாது. ஆகவே நடுவில் டிரைவர் என்று ஒரு தரகர். உள்ளே கெர்னல் என்று ஒரு பெரியவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேய்த்துக்கொண்டிருக்கிறார். தரகருக்கும் பெரியவருக்கும் ஒத்துப்போனால் திரையில் சமையலறை வரும். ஒரு வார்த்தை பிசகினால் திரை கறுத்து, மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் தெரிந்துகொண்டவர் யாரும் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

சாயங்காலம் ஒரு டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் வருவதாக ஏற்பாடு. புது வீடு கட்டுகிறார்கள். சமையலறை முழுக்க மரவேலை. தச்சருடைய பட்டறைக்கு இந்த மழைக்காலத்தில் ஒரு நாற்காலிக் கால்கூடச் சரிசெய்ய வரவில்லை. ரம்பம் துருவேறிக்கொண்டிருந்தது, வேலையாட்களை ‘அடுத்த வாரம் சொல்றேன்’ என்றே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கடை ஏற்கெனவே டீச்சருக்குப் பளபளவென்று படம் காட்டிவிட்டது. இவர்கள் படத்தையும் பார்த்துவிட்டு யாருக்கு வேலை என்று அன்றே சொல்லப் போகிறார்கள். இதுவும் போனால் பட்டறையைப் பூட்டிவிட்டு வேறு யாரிடமாவது கூலிக்குப் போவதாகத் தச்சர் தங்கையிடம் சொல்லியிருந்தார். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து படக்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் கடைசியாக ஒருமுறை படத்தைச் சுழற்றிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி சுழன்றது.

“என்னங்க, சாயங்காலம் வரைக்கும் இதுல கை வைக்காதீங்க.”

“நான் ஏன் கை வைக்கப் போறேன்?”

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் அவள் கீபோர்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் பால் வாங்க வேண்டியிருந்தது. போனாள்.

அவள் படியிறங்கியதும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப்பார்த்தது. புதியது வந்திருக்கிறது, இப்போதே போடட்டுமா, பிறகு பார்க்கலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டது. இந்த ‘பிறகு’ என்ற பொத்தானை யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்றே லென்ஸின் இனத்துக்கு இதுவரை தெரியாது.

பாலோடு திரும்பியபோது அவர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷம்.”

“என்ன அஞ்சு நிமிஷம்?”

“உனக்காகத்தான்மா. புது டிரைவர்ல படம் இன்னும் வேகமா சுத்துமாம். டீச்சர் அசந்துடுவாங்க, பாரேன்.”

“நான் அசந்துட்டேன்.”

டிரைவரோடு கெர்னலும் புதிதாக வந்து இறங்கியிருந்தது. புதுப் பெரியவர், புதுத் தரகர். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டர் நின்று, மறுபடி எழுந்தது. திரை கறுப்பு. மூலையில் கோடு. சிமிட்டல்.

“வரும்,” என்றார் லென்ஸ்.

வரவில்லை. இனி இந்த இனத்தின் சடங்குகளை வரிசையாகப் பார்க்கலாம். முதலில் ‘இது டிரைவர் தப்பில்ல, கெர்னல் தப்பு’ என்பார். கொஞ்ச நேரத்தில் ‘கெர்னல் சரியாத்தான் இருக்கு, இந்தக் கார்டு செஞ்சவங்கதான் திமிர் பிடிச்சவங்க’ என்பார். பிறகு கேபிளைப் பிடுங்கி ஊதிச் செருகுவார், திரையின் முதுகைத் தட்டுவார், கைப்பேசியை எடுத்து உலகத்தின் மூலைமுடுக்கிலெல்லாம் இதே கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்து அழுதவர்கள் எழுதிவைத்த புலம்பலையெல்லாம் படிப்பார். அங்கே ஒருவர், இந்த வரியைத் தட்டு, சரியாகிவிடும் என்பார். அடுத்தவர், ஐயையோ அதைத் தட்டாதே, தட்டினவன் கதியைப் பார் என்பார். மூன்றாமவர் ‘முதலில் இந்தக் கார்டை ஏன் வாங்கினாய்?’ என்று சம்பந்தி வீட்டார் மாதிரி கேட்பார். லென்ஸ் மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு மூன்று வரியையும் தட்டினார்.

தட்டிவிட்டுக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்க் குனிந்துகொண்டு, மனைவியைத் திரைக்கு எதிரே நிறுத்தினார்.

“இப்ப?”

“இருட்டு.”

“இப்ப?”

“இருட்டு.”

“முன்னால இருந்த இருட்டா, வேற மாதிரியா?”

இருட்டில் ரகம் பிரிக்கப் படக்காரிக்குப் பழக்கமில்லை.

அவர் டார்ச் எடுக்க மாடிக்குப் போன நேரத்தில் ஒரு காரியம் செய்தாள். கம்ப்யூட்டர் எழும்போது ஒரு பட்டியல் வந்து போகும். அதில் இரண்டாவது வரியில் பழைய கெர்னல் காத்துக்கொண்டிருக்கும் என்பதை அவர் தோளுக்குப் பின்னால் நின்று நின்றே கற்றிருந்தாள். அதைத் தேர்ந்தெடுத்துத் தட்டினாள். பழைய பெரியவர் செருமிக்கொண்டே எழுந்து வந்தார். திரை வெளுத்தது. சமையலறை வந்தது. சுழன்றது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

டார்ச்சோடு இறங்கி வந்த லென்ஸ் படியிலேயே நின்றுவிட்டார்.

“வந்துடுச்சா? எப்படி?”

“பழசுல போனேன்.”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பந்தியில் உட்கார்ந்தவன் முன்னாலிருந்து இலையை உருவினது மாதிரி இருந்தது.

“இது தீர்வு இல்லம்மா. இது தப்பிச்சு ஓடறது.”

“நான் தப்பிச்சுக்கறேன். நீங்க நாளைக்கு நின்னு போராடுங்க.”

கவனியுங்கள். இதுதான் இந்த இனத்தை அடையாளம் காணும் இடம். திரை வந்துவிட்டது என்பது அவருக்குச் செய்தியே இல்லை. ஏன் போனது என்று தெரியாமல் வந்துவிட்டதே, அதுதான் அவருக்குப் பொறுக்காது. காணாமல்போன பசு தானாகத் தொழுவத்துக்குத் திரும்பினால், அதை மறுபடி ஓட்டிவிட்டுத் தேடிக் கண்டுபிடிக்கிற ஆள்.

மத்தியானம் தாண்டித் தச்சர் வந்தார். காதில் பென்சில், சட்டைப் பையில் அளவு டேப்பும் சாக்கட்டியும். ஞாயிறானாலும் அவை இல்லாமல் அவருக்கு நடை வராது. படக்காரி அண்ணனைத் தனியே அழைத்தாள்.

“அண்ணே, நான் போய் வீட்டைப் பெருக்கிட்டு டீ போடறேன். இவர் அந்தக் கீபோர்டுகிட்ட வராம பாத்துக்க.”

“நான் பாத்துக்கறேன் பாப்பா. என்னைத் தாண்டி எப்படிப் போறார்னு பாக்கறேன்.”

தாண்ட வேண்டியிருக்கவில்லை. லென்ஸ் பக்கத்தில் வந்து மெல்ல உட்கார்ந்தார்.

“மச்சான், உங்க ரம்பத்துல ஒரு பல்லு வளைஞ்சிருக்கு. ஆனா மரம் என்னமோ அறுபடுது. அறுக்குதேன்னு விட்டுடுவீங்களா?”

“அது எப்படி மாப்ள விட முடியும்? பாதி மரத்துல கையை வாரிடுமே.”

“அதான் மச்சான்.”

“எது?”

“அதேதான் இங்கயும். டீச்சர் பாத்துட்டிருக்கும்போது பாதியில வாரிட்டா?”

தச்சருக்கு வியர்த்தது. “அப்ப இப்பவே சரி பண்ணிடுங்க மாப்ள,” என்று எழுந்து வழிவிட்டார். காவலுக்கு வைத்த ஆளே கதவைத் திறந்துவிட்டு விளக்கும் பிடித்தார். நோய் இப்படித்தான் பரவுகிறது.

லென்ஸ் இந்தத் தடவை அரைகுறையாகச் செய்யவில்லை. சுத்தமாக எடுத்துவிட்டுச் சுத்தமாகப் போடுவது என்று தீர்மானித்தார். எடுப்பது சுத்தமாகவே நடந்தது. புதுத் தரகர் போனார், பழைய தரகர் போனார், அவசரத்துக்கு உதவும் இலவசத் தரகரைக் காலையிலேயே உள்ளே வராதே என்று தடுத்து வைத்தாயிற்று. போடுகிறபோது, உன்னிடம் இருப்பதற்கும் நான் கேட்பதற்கும் பொருந்தவில்லை என்று நீளமாக ஏதோ எழுதிவிட்டுக் கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டது. இப்போது இரண்டாவது வரியில் போனாலும் இருட்டு. பெரியவர்கள் இருவரும் இருந்தார்கள், பேச ஆளில்லை.

படக்காரி டீயோடு வந்து பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

“அவர் ரம்பத்தைப் பத்தித்தான் கேட்டார் பாப்பா,” என்றார் தச்சர், குற்றம் செய்த பூனை மாதிரி.

அழைப்பு மணி அடித்தது.

டீச்சர் உள்ளே வந்தார். நிமிர்ந்த நடை, வகுப்புக்குள் நுழைகிற பார்வை. பின்னாலேயே வீட்டுக்காரர், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். கும்பிட்டு உட்காரச் சொல்லி, “கொஞ்சம் கம்ப்யூட்டர்...” என்று படக்காரி ஆரம்பிப்பதற்குள், சிக்னல்காரரின் கண் பக்கத்து அறையின் திறந்த கதவு வழியாக அந்தக் கறுப்புத் திரையில் சிமிட்டும் கோட்டின்மேல் போய் விழுந்தது. அவர் கழுத்து நீண்டது.

“கிராபிக்ஸா?” என்றார், தாழ்ந்த குரலில்.

“ஆமா சார்.”

“எந்தக் கெர்னல்?”

லென்ஸ் சொன்னார். சிக்னல்காரர் இழவு வீட்டில் கேட்கிற மாதிரி உச்சுக் கொட்டினார். “எனக்கும் அதே. போன மாசம். தள்ளுங்க, பாக்கலாம்.” சோபாவில் உட்காராமலே நேரே போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு முதுகும் சேர்ந்து திரையை மறைத்தன. ஜென்மத்தில் பிரிந்த அண்ணன் தம்பிகூட அப்படி ஒட்டி உட்கார மாட்டார்கள்.

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்க வீட்லயுமா?” என்றாள் படக்காரி.

“எங்க வீட்டு டிவிக்குப் பின்பக்க மூடியே கிடையாதும்மா. எப்பவும் திறந்தேதான். அடிக்கடி திறக்கணுமாம், எதுக்கு மூடணும்னு வெச்சிருக்கார்.”

சிரித்தார்கள். ஆனால் படக்காரியின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஓரமாக நின்ற தச்சர் சாக்கட்டியைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தார், விரலெல்லாம் வெள்ளை. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று எழுந்தாள்.

“சோபாவைத் தூக்கு அண்ணே.”

“எதுக்கு?”

“தூக்கு. சாக்கட்டியைக் குடு.”

கூடத்தை ஒழித்தார்கள். எத்தனையோ வாரமாக வரைந்து வரைந்து அந்தச் சமையலறையின் அளவெல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல, அண்ணன் டேப்பை இழுத்துப் பிடிக்க, தரையிலேயே கோடு இழுத்தாள். இது சுவர். இது கதவு. இது மேடை, இது அடுப்பு, இது தொட்டி. நிஜ நீளம், நிஜ அகலம். முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து ஒரு முழுச் சமையலறையைத் தரையில் எழுப்பிவிட்டாள்.

“இதுதான் டீச்சர். உள்ள வாங்க. அங்க இல்ல, அது சுவர். இந்தப் பக்கம் கதவு.”

டீச்சர் கதவு வழியாகவே வந்தார். நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார்.

“அந்தக் கடையில காமிச்ச படத்துல ஒரு தட்டு நிறைய பழம் வெச்சிருந்தாங்கம்மா. வீட்டுக்குப் போனப்புறம் பாத்தா, எனக்குப் பழம்தான் ஞாபகம் இருக்கு, அலமாரி ஞாபகமில்ல.” தொட்டிக்கு முன்னால் போய் நின்று கழுவுகிற மாதிரி கையை ஆட்டினார். “சரி, நான் இங்க கழுவிட்டிருக்கேன். இவர் தண்ணி குடிக்க வர்றார். எங்க நிப்பார்?”

“ஏன், இந்தப் பக்கம் நிக்கலாமே...”

“நிக்க மாட்டார். எனக்குப் பின்னாலதான் வந்து நிப்பார். எத்தனை வருஷமா பாக்கறேன்.” திரும்பினார், திரும்பின முழங்கை எதிர் மேடையின் கோட்டைத் தாண்டியது. “பாத்தியா, எனக்கே இடிக்குது, இவருக்கு எங்க இடம்? இந்த மேடையை இன்னும் அந்தப் பக்கம் தள்ளு.”

டீச்சர் சாக்கட்டியை வாங்கித் தாமே குனிந்து கோடு போட்டார். போட்ட கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. சாக்கட்டி பழகின கை. படக்காரி பழைய கோட்டைத் துணியால் அழித்தாள். அத்தனை வாரம் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தும், டீச்சருக்குப் பின்னால் வந்து நிற்கும் அந்த மனிதர் அவள் கண்ணுக்குப் படவில்லை. படத்தில்தான் ஆளே கிடையாதே.

இல்லாத பாத்திரத்தை அடுப்பில் வைத்து இறக்கினார்கள், இழுப்பறையை இழுத்தார்கள், மேல் அலமாரிக்கு எட்டிப்பார்த்து அதைக் கொஞ்சம் இறக்கினார்கள். கடைசியில் டீச்சர் கையில் ஒட்டிய சாக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

“செய்யுங்க. இது என் சமையலறை. எப்ப மரம் எடுப்பீங்க?”

தச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடம் தொட்டி.

“நாளைக்கு ஆளுங்களை வரச் சொல்லிடறேன் டீச்சர்,” என்றார் தொட்டிக்குள்ளிருந்து, தங்கையைப் பார்த்துக்கொண்டே. இந்தத் தடவை அவர் சிரித்த சிரிப்பு வேறு. படக்காரிக்குக் காலையிலிருந்து சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு கூக்குரல்.

“வந்துருச்சு!”

லென்ஸ் ஓடி வந்தார். கதவு வழியாக வரவில்லை, சுவரைக் கடந்து வந்தார். அலமாரியை மிதித்து, மேடையைக் கலைத்து, நேரே வந்து அடுப்பின்மேல் நின்றுகொண்டு, இரண்டு கையையும் தூக்கினார். தலையில் ஒட்டடை, மூக்கில் தூசி, முகத்தில் அதே பிள்ளை பிறந்த வீட்டுக் களை. பின்னாலேயே வந்த சிக்னல்காரர், சொன்னது போலவே டீச்சரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். மேடை தள்ளியிருந்ததால் இடம் சரியாக இருந்தது.

“வாங்க டீச்சர், படம் பாக்கலாம்! சொன்னேன்ல, அஞ்சு நிமிஷம்னு!”

படக்காரி கணவரின் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

“இப்பத் தெளிவா?” என்றாள்.

“என்னது?”

“எங்க நிக்கறீங்கன்னு. இப்ப?”

அவர் குனிந்து பார்த்தார். காலடியில் ஏதோ வெள்ளைக் கோடுகள் தெரிந்தன.

“என்ன இது, தரையெல்லாம் கிறுக்கி வெச்சிருக்கீங்க?”

“அடுப்பை விட்டு இறங்குங்க சார்,” என்றார் டீச்சர். அந்தக் குரலுக்கு எத்தனை தலைமுறை இறங்கியிருக்குமோ, லென்ஸும் இறங்கினார்.

பாவம், இத்தனை பாடுபட்டவர்களை வருத்தக் கூடாது என்று எல்லோரும் போய்த் திரையைப் பார்த்தார்கள். அதில் சமையலறை இல்லை. கறுப்புப் பின்னணியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தன. டிரைவர் வேலை செய்கிறதா என்று பார்க்க அப்படி ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்களாம். அது எதையும் அரைக்காது, எதையும் இறைக்காது. சும்மா சுற்றும். லென்ஸும் சிக்னல்காரரும் அதைத் தூளியில் கிடக்கிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“எவ்வளவு வழுக்கிக்கிட்டு சுத்துது பாத்தீங்களா?” என்றார் லென்ஸ்.

“நல்லாத்தான் சுத்துது,” என்றார் சிக்னல்காரர். கொஞ்சம் யோசித்தார். “ஆனா நேத்து ராத்திரி இதைவிடப் புதுசு ஒண்ணு விட்டிருக்கான்.”

லென்ஸின் விரல்கள் தாமாகவே கீபோர்டின்மேல் போய் உட்கார்ந்தன.

பெண்கள் வெளியே வந்து மிச்சம் இருந்த டீயைக் குடித்தார்கள். கலைந்த அடுப்பைப் படக்காரி மறுபடி வரைந்தாள்.

இதைப் படித்துவிட்டு, ஐயோ பாவம், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அச்சு அசல் இப்படித்தான் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் கம்ப்யூட்டர் பக்கமே போகாதவராகக்கூட இருக்கலாம். ஆனால் வீட்டில் சத்தம் போடாத கதவு ஒன்றுக்கு நீங்கள் எண்ணெய் விட்டதே இல்லையா? தானாகத் தூங்கின குழந்தையை, தூங்கிவிட்டதா என்று கேட்டு எழுப்பியதே இல்லையா? நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவில் போய், உங்களுக்குள் ஒன்றும் மனஸ்தாபம் இல்லையே என்று விசாரித்ததே இல்லையா? சரி, அதெல்லாம் போகட்டும். உங்கள் கைப்பேசியில், ஓரமாக, ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி வந்து நிற்கிறதே, புதியது வந்திருக்கிறது என்று? இதை முடித்ததும் அதைத் தொடலாம், அஞ்சு நிமிஷம்தானே என்று இப்போது நினைத்தீர்களா இல்லையா?

தொடுங்கள், தொடுங்கள். நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? அடுப்பை விட்டு இறங்கி நின்று தொடுங்கள், அது போதும்.